வாசலுக்கு வெளியே

எங்கள் சபைகளில் யாராவது ஒருவர், "எல்லாரும் என்னை ஒதுக்கிவிட்டார்கள்" என்று கண்கலங்கினால், கேட்டுக்கொண்டிருப்பவரின் கை உடனே வேதப்புத்தகத்தைப் புரட்டும். முதலில் வருவது 118ஆம் சங்கீதம். கட்டட வேலைக்காரர்கள் கழித்துப்போட்ட கல்லே கடைசியில் கட்டடத்தின் முக்கியமான கல்லாகிப்போன செய்தி அதில் இருக்கிறது. அடுத்தது யோசேப்பின் கதை. இருபது வெள்ளிக்காசுக்கு அவனை விற்றுத் தீர்த்த அண்ணன்மார், பஞ்ச காலத்தில் தானியம் தேடி எகிப்துக்கு வந்து, அவன் யாரென்று தெரியாமலே அவன் முன்னால் தரையில் விழுந்து வணங்கினார்கள். "உனக்கும் அப்படித்தான் நடக்கும். உன்னைத் தள்ளினவங்க கண்ணு முன்னாலேயே கர்த்தர் உன்னை உயர்த்துவார்" என்று சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போவார்கள்.

சொல்கிறவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் இப்படி ஒரு வசனம் வந்துவிட்டால், அதை வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் அதையே நம்பி நாளைத் தள்ளுகிறவர்களை நான் அறிவேன். ஆனாலும் தள்ளப்பட்டவருக்கு இந்த ஆறுதல் போதாது. உயர்த்தப்படாமலே கண்மூடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? தள்ளினவர் ஒருநாள் வந்து தலைகுனிவார் என்று காத்திருப்பவரின் நிலையும் பரிதாபமானது. தன் மதிப்பைத் தீர்மானிக்கும் உரிமையை அவர் இன்னும் தள்ளினவரின் கையிலேயே விட்டுவைத்திருக்கிறார்.

யோசேப்பின் கதையை நிதானமாக வாசித்தால் அதிலும் இதுதான் தெரிகிறது. அண்ணன்மார் குனிந்து நின்றபோது அவன் மகிழ்ந்தான் என்று ஒரு வரிகூட இல்லை. அவர்களை விட்டு அப்பால் போய் அழுகிறான். தம்பி பென்யமீனைக் கண்டதும் உள்ளறைக்குள் புகுந்து அழுது, முகம் கழுவிக்கொண்டு வெளியே வருகிறான். தான் யாரென்று சொல்லும் நேரத்தில் அரண்மனை முழுவதும் கேட்கும்படி அழுகிறான். எகிப்தின் அதிகாரம் முழுவதும் கையில் இருந்தும் அந்தப் புண் ஆறவில்லை என்பதை ஆதியாகமம் ஒளிக்கவில்லை.

கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் இதைவிட ஆழமான ஓர் ஆறுதல் இருக்கிறது. தள்ளப்பட்டவர் எந்த இடத்துக்குத் துரத்தப்படுகிறாரோ, அந்த இடத்தில் கிறிஸ்து முன்னமே போய் நிற்கிறார் என்பதுதான் அது. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கற்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகரான ஐயர் சபையார் முன் அறிவிப்பார். எனக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. அந்த வாரத்திலேயே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் வந்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. அப்பா கேட்டதற்கு, "பையனுக்கு மனசு ஒப்பல" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன். அன்று போகாவிட்டால் இனி ஒருபோதும் போக முடியாது என்று பட்டது. அறிவிப்பு நேரத்தில் வேறொரு ஜோடியின் ஓலை வாசிக்கப்பட்டது. அடுத்து எங்கள் பெயர்கள் வரவேண்டிய இடத்தில் ஐயர் அசனப் பண்டிகைக் காணிக்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று சபையார் அத்தனை பேரும் கவனமாக இருந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆராதனை முடிந்ததும், வாரம் தவறாமல் வாசலில் நின்று பேசும் பெண்கள் அன்று சீக்கிரம் புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் மனதில் கெடுதல் இல்லை. எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆனால் தள்ளப்பட்டு நிற்கிறவருக்குத் தயங்கி விலகுகிறவரும் வெறுத்து விலகுகிறவரும் ஒன்றாகவே தெரிவார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு வயதான நர்ஸம்மா வந்தார். தொழுநோய் மருத்துவமனையில் வெகுகாலம் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலில் பின்வரிசையில் உட்காருவார்; அதுவரை எங்களோடு பெரிய பழக்கமில்லை. வசனம் எதுவும் சொல்லவில்லை. ஜெபிக்கட்டுமா என்றும் கேட்கவில்லை. திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். இருட்டிய பிறகு எழுந்து, "நாளைக்கும் வாறேன் மக்கா. பேசணும்னு ஒண்ணும் இல்ல, சும்மா இருப்போம்" என்றார். சொன்னபடியே வந்தார். பிறகும் பல மாலைகள் வந்தார்.

மெல்ல மெல்ல அவர்தான் பேசத் தொடங்கினார், தன்னிடம் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி. மருந்தால் நோய் முற்றிலும் தீர்ந்து, இனி யாருக்கும் தொற்றாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகும் வீட்டார் வந்து கூட்டிப்போகாதவர்கள். தங்கை கல்யாணத்துக்கு வந்துவிடாதே என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பப்பட்டவர்கள். "மருந்து குடுத்தா புண்ணு ஆறும் மக்கா. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்தாத்தான் மனுசன் ஆறுவான்" என்று ஒருநாள் சொன்னார். அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் அந்தப் பேச்சில் அடங்கியிருந்தது.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் வரும் தொழுநோயாளியின் பகுதியை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். லேவியராகமம் 13ஆம் அதிகாரத்துச் சட்டப்படி அப்படிப்பட்டவர் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, தான் தீட்டுள்ளவர் என்று தானே கூவிக்கொண்டு, பாளையத்துக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். பிறர் தள்ளியது போதாது என்று தன் வாயாலேயே தன்னைத் தள்ளிக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவர் இயேசுவிடம் வருகிறார். ஒரு சொல்லாலேயே நோய் தீர்க்க வல்லவர் இயேசு. தூரத்தில் கிடந்த நோயாளியைக் கண்ணால் காணாமலே குணமாக்கியவர். இங்கோ முதலில் கையை நீட்டித் தொடுகிறார், பிறகுதான் சொல்கிறார். நோய் தீர அந்தத் தொடுதல் தேவைப்படவில்லை. அந்த மனிதனுக்குத் தேவைப்பட்டது.

நர்ஸம்மா அதோடு நிறுத்தவில்லை. அந்தப் பகுதியின் கடைசி வசனத்தை விரலால் சுட்டிக் காட்டினார். குணமானவர் நடந்ததை எங்கும் சொல்லிவிட்டதால், இயேசுவால் அதன்பின் வெளிப்படையாக ஊருக்குள் போக முடியவில்லை. வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். வெளியே இருந்தவன் ஊருக்குள் போய்விட்டான். உள்ளே இருந்தவர் வெளியே வந்துவிட்டார். அவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். என் விசுவாச வாழ்க்கையின் பெரிய திறப்பு அன்று அந்தத் திண்ணையில்தான் நேர்ந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், ஒரு தொழுநோயாளியின் தோளில் கைபோட்டு ஆறுதலாகப் பேசியபோது அவர் தேம்பி அழத் தொடங்கினாராம். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் கலங்க, பல ஆண்டுகளாக யாருமே அவரைத் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறார் என்று அருகில் இருந்தவர் விளக்கினாராம். நோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் திரும்பத் திரும்பப் படும் காயங்களால்தான் என்று எடுத்துக்காட்டியவர் அவர். உடலுக்கு வலி ஒரு கொடை என்று அவர் கருதினார். ஒதுக்கப்பட்ட வலியையும் நான் அப்படித்தான் பார்க்கப் பழகினேன். வலிக்கிறது என்றால் அன்பு காட்டும் இடம் இன்னும் மரத்துப்போகவில்லை என்று பொருள். "விசுவாசி இப்படி அழலாமா?" என்று கேட்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சங்கீதப் புத்தகத்தில் அழுகைக்கு இடம் தாராளமாகவே இருக்கிறது. பகைவன் செய்திருந்தால் பொறுத்திருப்பேன், கூடவே கோயிலுக்கு வந்த நண்பன் செய்துவிட்டானே என்று கலங்குவது 55ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதமோ தோழர்களெல்லாம் விலகிப்போனதைச் சொல்லி, இருளிலேயே முடிந்துவிடுகிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் கடைசியில் எட்டிப்பார்க்கும் துதிகூட அதில் இல்லை. அப்படி ஒரு ஜெபத்தைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடாமல், தலைமுறை தலைமுறையாக ஆராதனைக்கென்று காத்துவைத்தார்களே, அதற்காகவே அந்த முன்னோருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. இருளில் முடியும் ஜெபமும் ஜெபம்தான் என்று அவர்கள் நமக்கு உரிமை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரசி யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்று கேட்ட மனிதர். தான் ஒருவன் மட்டுமே மிஞ்சியிருப்பதாக எண்ணிக்கொண்டவர். அவருக்கு முதலில் வந்தது உபதேசம் அல்ல. தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் பாத்திரத்தில் தண்ணீரும் காட்டினான். சாப்பிட்டார், மறுபடி படுத்தார். இரண்டாம் தடவையும் சாப்பாடுதான் வந்தது. மெல்லிய சத்தத்தில் கர்த்தர் பேசியது அதற்கும் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பின்னால். மனமுடைந்தவரைத் தூங்கவைப்பதும், சாப்பிடவைப்பதும், தேவையானால் மருத்துவரிடம் கூட்டிப்போவதும் ஊழியத்தில் சேர்ந்தவை. அவற்றை விசுவாசக் குறைவு என்று சொல்ல வேதத்தில் ஆதாரம் இல்லை.

யோவான் 9ஆம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பிறவிக் குருடன் பார்வை பெற்ற அற்புதம் என்றே அதற்குப் பெயர். அற்புதம் முதல் ஏழு வசனங்களில் முடிந்துவிடுகிறது. மிச்ச அதிகாரம் முழுவதும் ஒரு மனிதன் படிப்படியாகத் தள்ளப்படும் கதை. அக்கம்பக்கத்தார் இவன்தானா அவன் என்று சந்தேகிக்கிறார்கள். பரிசேயர் விசாரிக்கிறார்கள். பெற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இயேசுவைக் கிறிஸ்து என்று ஒத்துக்கொள்பவரை ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்குவது என்று முடிவாகியிருந்தது. அந்தப் பயம் அவர்களுக்கு. பெற்ற மகன் முதல்முறையாகத் தங்கள் முகத்தைப் பார்க்கும் நாளில், அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைசியில் பரிசேயர் அவனைப் பாவத்தில் பிறந்தவன் என்று திட்டி வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

அன்றைய யூதனுக்கு ஜெப ஆலயம் என்பது ஜெபத்துக்கு மட்டுமான இடம் அல்ல. உறவு, ஊர், நியாயம் எல்லாம் அதைச் சுற்றித்தான். அங்கிருந்து தள்ளப்பட்டவனுக்குப் போக்கிடம் குறைவு. இந்த இடத்தில் யோவான் எழுதுவதைக் கவனிக்க வேண்டும். அவனைத் தள்ளிவிட்ட செய்தி இயேசுவின் காதுக்கு எட்டுகிறது. அவரே அவனைக் கண்டுபிடிக்கிறார். அதுவரை அவன் அவருடைய முகத்தைப் பார்த்ததில்லை. கண்ணில் சேறு பூசி அனுப்பியவரைக் குருடனாகவே பிரிந்து போனவன், சீலோவாம் குளத்தில் கழுவின பிறகுதான் பார்வை பெற்றான். அவன் அவரை முதன்முதலில் கண்ணால் காண்பது தள்ளப்பட்ட பிறகு, வெளியில். உள்ளேயே இருந்திருந்தால் அந்தச் சந்திப்பு எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே தள்ளியவர்கள் செய்தது அநியாயம்தான். இயேசு அதை நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் அவர்கள் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் அவர் நின்றார்.

ஆகாருக்கும் வெளியேதான் அது நடந்தது. ஆபிராமும் சாராயும் அவளை அடிமைப்பெண் என்று சொல்லித்தான் பேசுகிறார்கள். ஓர் இடத்திலும் அவள் பெயரை அவர்கள் வாய் சொன்னதாக இல்லை. சாராயின் கடினம் தாங்காமல் ஓடி, வனாந்தரத்து நீரூற்றருகே நின்றபோது, கர்த்தருடைய தூதன் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறான். யாரும் பொருட்படுத்தாத அந்த எகிப்தியப் பெண், தன்னைப் பார்க்கிறவர் என்று தேவனுக்கே ஒரு பெயர் வைக்கிறாள். பிற்பாடு பிள்ளையோடு அவளை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டபோது, பெயெர்செபா வனாந்தரத்தில் அந்தப் பிள்ளையின் அழுகையும் கேட்கப்பட்டது. வாக்குத்தத்தம் ஈசாக்குக்குத்தான் என்றிருந்தும் இஸ்மவேலின் குரல் கேட்காமல் விடப்படவில்லை.

வீட்டைவிட்டுத் துரத்தப்படாமலே தள்ளப்பட்டவர்களும் உண்டு. லேயாள் அப்படிப்பட்டவள். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் கணவன் யாக்கோபின் மனம் தங்கையிடம். முதல் மூன்று பிள்ளைகளுக்கும் பெயர் வைக்கும்போது, இனியாவது அவர் என்னை நேசிப்பார், இனியாவது என்னோடு சேர்ந்திருப்பார் என்றே அவள் பேச்சு போகிறது. நான்காவது பிள்ளை யூதா பிறந்தபோது கணவனைப் பற்றிப் பேச்சே இல்லை. இப்போது கர்த்தரைத் துதிப்பேன் என்கிறாள். யாக்கோபு மாறிவிட்டான் என்று அங்கே எழுதப்படவில்லை. சூழ்நிலை அப்படியே இருக்க, அவள் மனம் மட்டும் அவனுடைய பார்வையிலிருந்து விடுதலையாகி நிற்கிறது. பெரிய வெற்றி எதுவும் இல்லாத இந்த விடுதலையை நான் மிகவும் மதிக்கிறேன். அதே யூதாவின் வம்சத்தில்தான் இயேசு பிறந்தார்.

அந்த இயேசுவும் தள்ளப்பட்டவர்தான். வளர்ந்த ஊரான நாசரேத்தில் ஜெப ஆலயத்தில் பேசியதற்காக, ஊர் கட்டப்பட்டிருந்த மலையின் செங்குத்தான ஓரம்வரை அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மதிமயங்கிவிட்டார் என்று சொல்லி உறவினர் பிடித்துக்கொண்டு போக வந்தார்கள். சகோதரர்களே அவரை நம்பவில்லை. கெத்செமனேயில் சீஷர்கள் அத்தனை பேரும் ஓடிப்போனார்கள். பெரிய வெள்ளியன்று பகல் 12 மணி முதல் 3 மணிவரை எங்கள் கோயில்களில் சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளையும் தியானிப்போம். நான்காவது வார்த்தை வரும்போது கோயில் அடங்கிவிடும். 22ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை எடுத்து, தம்மைக் கைவிட்டது ஏன் என்று அவர் பிதாவைக் கேட்கும் இடம் அது. தேவ குமாரனே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்றால், அதைக் கேட்டதற்காக எந்த மனிதரும் விசுவாசத்துக்கு வெளியே போய்விடவில்லை. நான் கேட்ட "ஏன்?" அவருடைய வாயிலிருந்தே வந்திருப்பதைக் கண்டேன். மனிதர்களால் தள்ளப்பட்டதோடு, தேவனும் தள்ளிவிட்டார் என்று தோன்றும் அடிமட்டம்வரை அவர் இறங்கியிருக்கிறார். அதற்குக் கீழே ஓர் இடம் இல்லை.

அந்தச் சிலுவை நடப்பட்டதும் நகரத்துக்கு வெளியே. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரம் அதை நினைவுபடுத்தி, நாமும் பாளையத்துக்கு வெளியே அவரிடம் போக வேண்டும் என்கிறது.

எங்கள் தென்கோடி நாட்டில் இந்த வெளியிடத்துக்குப் போனவர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றியவர். குடும்பத்தில் அடுக்கடுக்காக வந்த இழப்புகளால் அவர் சோர்ந்திருந்தபோது, படைத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொல்லித் தேற்றினார் என்பார்கள். டிலனாய் யார்? 1741இல் குளச்சல் போரில் தோற்றுத் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர். சொந்த நாட்டைத் திரும்பக் காணாமல் உதயகிரிக் கோட்டையில் அடக்கமானவர். எல்லாம் இழந்த யோபுவைப் பற்றி, தன் மண்ணை இழந்த ஒருவர், நலிந்திருந்த ஒருவருக்குச் சொன்னார். நீலகண்டர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பதவி போயிற்று, சுற்றம் போயிற்று. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

உயர்த்தப்பட்ட கதையாக இதையும் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மலையில் நின்ற மனிதருக்கு 2022 தெரியாது. இருநூற்றெழுபது ஆண்டு கழித்து வரப்போகும் மரியாதை அவரைத் தாங்கியிருக்க முடியாது. அந்த வெளியிடத்தில் தன்னோடு இருந்த ஒருவரால்தான் அவர் தாங்கப்பட்டார்.

இன்னொன்றையும் மனவேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெரிய கோயிலுக்குள் ஒரு சாதியாரையும் மற்றச் சாதியாரையும் பிரிக்கத் தடுப்புச் சுவர் இருந்தது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. புனிதராக அறிவிக்கும்போது தேவசகாயத்தின் பெயரிலிருந்து சாதிப்பட்டம் நீக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. தலித் கத்தோலிக்கப் பெண்ணாகப் பாமா 1992இல் எழுதிய 'கருக்கு', தள்ளப்பட்டவர்களின் ஆண்டவரைப் பாடும் சபைக்குள்ளேயே தள்ளுதல் எப்படி நடக்கிறது என்பதைத் தமிழுக்குச் சொன்னது. கணவனைப் பிரிந்த பெண், கடனில் மாட்டியவர், மனநோய் வந்த பிள்ளையின் பெற்றோர் என்று ஒவ்வொரு சபையிலும் பின்வரிசைக்கு நகர்ந்து, பிறகு காணாமலே போய்விடுகிறவர்கள் உண்டு. அவர்களை நாம் தள்ளவில்லை என்போம். தேடிப் போகவும் இல்லை.

சபையே தள்ளினால் விசுவாசம் எங்கே போய் ஆறுதல் தேடுவது? இதைக் கேட்பவர்களுக்கு என் பதில் யோவான் 9தான். பார்வை பெற்றவனைத் தள்ளியதும் வேதம் வாசித்தவர்கள்தான். அவர்கள் சாத்திய கதவு தேவன் சாத்திய கதவாகிவிடவில்லை. அதனால் சபையிலிருந்து தள்ளப்பட்டவர் கிறிஸ்துவிடமிருந்து தள்ளப்பட்டுவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். உங்களை மனிதராக நடத்தும் வேறொரு கூட்டத்தைத் தேடுங்கள். ஒரே ஒரு விசுவாசி நண்பரோடு உட்கார்ந்து ஜெபிப்பதிலிருந்தும் தொடங்கலாம். நடந்த அநியாயத்தை அநியாயம் என்றே சொல்லுங்கள். மன்னிப்பு அதன் காலத்தில் வரட்டும். அழுது தீருமுன் மன்னிக்கும்படி யாரும் உங்களை நெருக்க வேண்டாம்.

எனக்குப் பிறகு கல்யாணம் நடந்ததா, அந்த வீட்டார் எப்படி ஆனார்கள் என்று இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போவதில்லை. எனக்குக் கிடைத்த ஆறுதல் இவற்றில் எதையும் நம்பி நிற்கவில்லை. ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி என்னை இப்போது ஆள்வதில்லை. நர்ஸம்மா ஆண்டவருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அவரிடம் கற்ற வேலையை என்னால் ஆனமட்டும் செய்துவருகிறேன். வேலை போனவர் வீட்டிலும், மகள் சொல்லாமல் மணம் முடித்துப் போய்விட்ட வீட்டிலும், விவாகரத்துக்குப் பின் யாரும் அழைக்காத பெண்ணின் வீட்டிலும் போய் உட்கார்ந்திருக்கிறேன். போகும்போது ஆறுதல் சொல்லப் போகிறேன் என்றுதான் நினைப்பேன். திரும்பும்போது அங்கே ஆண்டவர் எனக்கு முன்பே வந்திருந்தார் என்பது நிச்சயமாகத் தெரியும். என் விசுவாசம் உறுதிப்பட்டது அந்த வீடுகளில்தான்.